வழக்கொழியாத நெகிழ்வட்டு: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்பிலே தொடங்கி, அதனினும் சிறந்த பிறிதொன்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவர். ஆனால், போட்டியிலே தோற்ற கருவி தோற்ற அன்றே மறைந்துவிடுவதில்லை. புதியது வந்த பின்னரும் பல பத்தாண்டுகள் அது எங்கோ ஒரு மூலையில் உழைத்துக்கொண்டிருக்கும். அவ்வாறு உழைத்த காலம் வரலாற்றாசிரியரின் கண்ணிற் படுவது அரிது. பேச்சுவழக்கிற் பிளொப்பி எனவும் பாடநூல்களில் நெகிழ்வட்டு எனவும் வழங்கும் கணனிச் சேமிப்புக் கருவி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இன்றைய பல்கலைக்கழக மாணவருட் பலர் அதனைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். எனினும் எழுதியதைச் சேமிப்பதற்கு அவர்கள் நாள்தோறும் அழுத்தும் சின்னம் அதன் உருவமே.

இக்காலக் கணனியுலகில் நெகிழ்வட்டுக்கு நடைமுறைப் பயன் உண்டா என்னும் வினா அவ்வப்போது எழுப்பப்படுகின்றது. உண்டு என்பாரும் இல்லை என்பாரும் வட்டின் குணங்குறைகளை வைத்தே வாதிடுகின்றனர். வட்டின் கொள்ளளவு, வேகம், உறுதி ஆகியன பற்றிய வாதம் 1998 அளவிலேயே முடிந்துபோனதொன்று. அதன் பின்னரும் அது வாழ்ந்தமைக்குக் காரணம் யாதெனின், அது எத்தகைய இயந்திரத்துக்கு வாயாக அமைந்திருந்தது என்பதிலேயே அதனைத் தேடல்வேண்டும். இக்கருத்தை வரலாற்று வழியில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெகிழ்வட்டு பிறந்தபோது அதனைப் பொதுமக்களுக்குரிய சேமிப்புக் கருவியாக எவரும் கருதியிருக்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1970இல் அறிவித்த சிஸ்டம்/370 வரிசைப் பெருங்கணனிகளில், இயந்திரத்தை உள்ளிருந்து நடத்தும் நுண்கட்டளைகள் குறைகடத்தி நினைவகத்தில் வைக்கப்பட்டன. அந்நினைவகத்துக்கு ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்றால் அதிலுள்ளன யாவும் அழிந்துவிடும். ஆகவே இயந்திரத்தை இயக்கும் ஒவ்வொரு முறையும் நுண்கட்டளைகளை மீண்டும் ஊட்டுவதற்கு மலிவான, தபாலில் அனுப்பத்தக்க ஊடகமொன்று தேவைப்பட்டது. கலிபோர்னியாவின் சன் ஹொசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் டேவிட் நோபிள் என்பாரின் தலைமையில் 1967இல் இம்முயற்சி தொடங்கியது. இரும்பொட்சைட்டுப் பூசிய மெல்லிய பிளாத்திக்குத் தகடே இறுதியில் தெரிவாயிற்று. தூசியே இதன் பெரும்பகையாக இருந்தமையால், வட்டை நிரந்தரமாகவே ஓர் உறையிலிட்டு, சுழலுந்தோறும் மேற்பரப்பைத் துடைக்கும் துணியொன்றையும் உறையின் உட்புறத்தில் வைத்தனர். எளிய இந்த ஏற்பாடுதான் கருவியைக் காப்பாற்றியது எனலாம். 1971இல் வெளிவந்த முதல் வட்டு எட்டு அங்குல அகலமுடையது. ஏறத்தாழ 80 கிலோபைற் கொண்டது. படிக்க மட்டுமே இயலும், எழுத இயலாது.

ஈண்டு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். தன் முதற்பிறப்பில் நெகிழ்வட்டு, தன்னிலும் பன்மடங்கு விலையுயர்ந்த இயந்திரமொன்றுக்குக் காலைதோறும் அறிவூட்டும் சிறு பணியாளாகவே இருந்தது. முதுமையில் அது மீண்டும் அதே தொழிலுக்குத் திரும்பியதைப் பின்னர் காண்போம்.

1973இல் ஐ.பி.எம். வெளியிட்ட 3740 என்னும் தரவுப் பதிவு முறைமையோடு, எழுதவும் படிக்கவும் இயலும் எட்டு அங்குல வட்டு அறிமுகமாயிற்று. அதில் தரவுக்கென ஒதுக்கப்பட்டவை 73 தடங்கள். தடமொன்றில் 26 பகுதிகள். பகுதியொன்றில் 128 எழுத்துகள். பெருக்கிப் பார்ப்பின் 242,944 எழுத்துகளாகின்றன. துளையட்டை ஒன்று 80 எழுத்துகளையே கொள்ளுமாதலின், ஒரு வட்டு மூவாயிரம் அட்டைகளுக்கு ஈடாயிற்று. அலுவலகங்களில் அட்டைப் பெட்டிகளைச் சுமந்து திரிந்தோருக்கு இது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு நீங்கிய அலன் சுகார்ட் 1973இல் தொடங்கிய நிறுவனம், 1976இல் ஐந்தேகால் அங்குல வட்டை வெளியிட்டது. பொஸ்ரன் நகர மதுச்சாலை ஒன்றில், மேசைமேற் கிடந்த கைதுடைக்கும் தாளைக் காட்டி “இவ்வளவு போதும்” என்று கூறப்பட்டதாகவும், அதனாலேயே அந்த அளவு அமைந்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. தொழில்நுட்ப வரலாற்றிலும் தலபுராணங்கள் உண்டு என்பதற்கு அதனைச் சான்றாகக் கொள்வதே நன்று. கதை எவ்வாறாயினும் விளைவு பெரிது. 1978இல் ஸ்ரீவ் வொஸ்னியாக் அப்பிள் II கணனிக்கென அமைத்த வட்டு இயக்கி, வீட்டுமேசைக் கணனியைக் காரியத்துக்குரிய கருவியாக மாற்றிற்று. அடுத்த ஆண்டில் விசிகல்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருள் அதே வட்டில் விற்பனைக்கு வந்தது. மென்பொருள் என்பது கடையில் உறையிலிட்டு விற்கத்தக்க பண்டமானமைக்கு இவ்வட்டே வழிவகுத்தது.

பணிசெயல் முறைமைகளின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. கெரி கில்டோல் 1974 அளவில் அமைத்த சி.பி./எம். முறைமை, நுண்கணனியோடு நெகிழ்வட்டு இயக்கியை இணைக்கும் தேவையிலிருந்து தோன்றியது. டொஸ் என்னும் பெயரின் முதலெழுத்தே வட்டைக் குறிப்பதுதான். 1981 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணனி, தன் இரு நெகிழ்வட்டு இயக்கிகளுக்கு ஏ, பீ என்னும் எழுத்துகளை வழங்கிற்று. பின்னர் வந்த வன்தட்டு சீ என்னும் மூன்றாம் எழுத்தைப் பெற்றது. இன்றும் விண்டோஸ் கணனிகளில் வன்தட்டு சீ என்றே தொடங்குகின்றது. முதலிரு ஆசனங்களும் வெறுமையாகவே கிடக்கின்றன.

யப்பானின் சோனி நிறுவனம் வன்பிளாத்திக்குக் கூட்டினுள் அடக்கிய மூன்றரை அங்குல வட்டு, 1984இல் மக்கின்ரோஷ் கணனியினூடாகப் பரவி, 1987இல் ஐ.பி.எம். ஏற்றபின் உலகப் பொதுவழக்காயிற்று. அதன் கொள்ளளவாக 1.44 மெகாபைற் என்று எல்லோரும் மனனஞ் செய்தோம். உண்மையில் அது 1,474,560 பைற்றாகும். ஆயிரத்து இருபத்து நான்கை ஒருமுறையும் ஆயிரத்தை ஒருமுறையும் கொண்டு வகுத்தால் மட்டுமே 1.44 என்னும் எண் கிடைக்கும். எந்த அளவைமுறைக்கும் பொருந்தாத இவ்வெண்ணை உலகம் முழுவதும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டமை வியப்புக்குரியது.

வட்டின் ஓரத்திலமைந்த எழுத்துத்தடுப்பு வெட்டையும் குறிப்பிடல் வேண்டும். எட்டு அங்குல வட்டில் வெட்டு திறந்திருந்தால் எழுத இயலாது; ஐந்தேகால் அங்குல வட்டில் வெட்டு திறந்திருந்தால்தான் எழுதலாம்; மூன்றரை அங்குல வட்டிலோ துளை திறந்திருந்தால் மீண்டும் எழுத இயலாது. முறை இவ்வாறு மாறிமாறி வந்ததால் அழிந்த கோப்புகள் எத்தனையோ. எனினும் கையாற் செய்து கண்ணாற் காணத்தக்க இத்தகைய காவல், இன்றைய விரலளவுச் சேமிப்பிகளிற் பெரும்பாலானவற்றில் இல்லை. வட்டின் சொந்தக் குணங்களில் இன்றும் மெச்சத்தக்கது இதுவொன்றே.

வீழ்ச்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 95 முறைமையை நெகிழ்வட்டில் வாங்கியோர் பதின்மூன்று வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊட்டவேண்டியிருந்தது. இறுவட்டு ஒன்றோ நெகிழ்வட்டுகள் நானூற்றைம்பதுக்கு ஈடானது. 1998இல் அப்பிள் நிறுவனம் ஐமக் கணனியை நெகிழ்வட்டு இயக்கியின்றியே விற்றது. 2000இல் கடைக்கு வந்த முதல் விரலளவுச் சேமிப்பி 8 மெகாபைற் கொண்டிருந்தது. 2003இல் டெல் நிறுவனமும் தன் மேசைக் கணனிகளில் இயக்கியை இயல்பாகப் பொருத்துவதை விட்டது. சோனி தன் உள்நாட்டு விற்பனையை 2011 மார்ச் மாதத்தோடு நிறுத்தியது. 2009இல் அந்நிறுவனம் யப்பானில் 12 மில்லியன் வட்டுகளை விற்றிருந்தது என்பது கவனத்துக்குரியது. இறந்துவிட்டதாக எல்லோரும் கருதிய பண்டத்தை அத்தனை பெருந்தொகையில் வாங்கியோர் யாவர்?

இவ்வினாவுக்கு விடை வானத்திலிருந்தே தொடங்கலாம். 1989இல் சேவைக்கு வந்த போயிங் 747-400 விமானத்தின் வழிகாட்டுத் தரவுத்தளம் 28 நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படல் வேண்டும். 2020இல் ஓய்வுபெற்ற பிரித்தானிய விமானமொன்றை ஆராய்ந்த பாதுகாப்பு வல்லுநர்கள், அத்தரவை ஏற்றுவதற்கு விமானி அறையில் மூன்றரை அங்குல வட்டு இயக்கி இருந்ததைக் காட்டினர். இதனைப் பழமைவாதம் என்று நகைப்பது எளிது. ஆனால், விமானத்தின் ஒவ்வொரு பாகமும் பாதுகாப்புச் சான்று பெற்றே பொருத்தப்படுவது. இயக்கியை மாற்றின் சான்றையும் புதிதாகப் பெறல்வேண்டும். விமானமோ முப்பது ஆண்டு பறப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. வட்டின் வணிக ஆயுள் அதனினும் குறுகியது. இவ்விரு ஆயுள்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே நெகிழ்வட்டு இன்றும் வாழும் இடமாகும்.

சன் பிரான்சிஸ்கோ நகரின் நிலக்கீழ்ப் புகையிரதங்களை நடத்தும் தானியங்கிக் கட்டுப்பாட்டு முறைமை 1998இல் நிறுவப்பட்டது. ஐமக் வெளிவந்த அதே ஆண்டு! காலைதோறும் ஐந்தேகால் அங்குல வட்டுகளிலிருந்து மென்பொருளை ஏற்றியே அது பணியைத் தொடங்கும். சிஸ்டம்/370 கணனிக்கு நோபிளின் குழுவினர் அமைத்த அதே ஏற்பாடு இது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கெனக் கட்டப்பட்ட இம்முறைமையை மாற்றுவதற்கு 2024 ஒக்ரோபரில் 212 மில்லியன் டொலர் ஒப்பந்தமொன்று ஹிற்றாச்சி நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இத்தொகை ஓர் இயக்கியின் விலையன்று. ஓடிக்கொண்டிருக்கும் நகரமொன்றின் போக்குவரத்தை நிறுத்தாது அதன் நரம்புமண்டலத்தை மாற்றுவதற்குரிய விலை. ஐக்கிய அமெரிக்காவின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் நெகிழ்வட்டுகள் எஞ்சியிருந்தமையும் அவற்றை நீக்கும் எண்ணமும் 2025 யூன் மாதத்திலேதான் அந்நாட்டுக் காங்கிரஸ் குழுவொன்றின் முன் எடுத்துரைக்கப்பட்டன.

அணுவாயுதத்தின் கதை இவற்றினும் புகழ்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் அணுப்படைகளுக்குக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் வலையமைப்பு, 1976இல் வந்த ஐ.பி.எம். சீரிஸ்/1 கணனியிலும் எட்டு அங்குல வட்டுகளிலும் இயங்குவதை அரசாங்கப் பொறுப்புடைமை அலுவலகம் 2016 மே மாத அறிக்கையிற் சுட்டியது. 2019இல் அவ்வட்டுகள் நீக்கப்பட்டன. அதற்குமுன் அவ்வட்டுகளுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட நியாயம், பொதுவலையோடு தொடர்பற்ற கருவியை எவரும் தொலைவிலிருந்து ஊடுருவ இயலாது என்பதாகும். இந்நியாயம் இன்றும் நெகிழ்வட்டை விரும்புவோரால் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது.

இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. வலையமைப்புகள் பரவுவதற்கு முன்னர், கணனி நச்சுநிரல்களைக் கணனிக்குக் கணனி சுமந்து சென்றது நெகிழ்வட்டேயாகும். 1986இல் பாகிஸ்தானின் லாகூர் நகரிலிருந்து சகோதரர் இருவர் உருவாக்கிய பிரெய்ன் என்னும் நிரல், ஐந்தேகால் அங்குல வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொண்டு, வட்டை வாங்கியும் கொடுத்தும் வந்த மாணவர் கைகளினூடாகவே கண்டங்களைக் கடந்தது. தம் கடையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள் எழுதிவைத்தனர் என்பது அக்காலத்தின் வெள்ளையுள்ளத்தைக் காட்டுகின்றது. ஏவுகணை நிலையத்தின் பாதுகாப்பு, வட்டினால் வந்ததன்று. பூட்டிய கதவும், காவலரும், தனித்த வலையமைப்பும் அதனைத் தந்தன. அவையிருப்பின் வேறெந்த ஊடகமும் அதே பாதுகாப்பைப் பெறும். 2019இல் உறுதிநிலைச் சேமிப்புக்கு மாறியபோது அவர்கள் கண்டதும் அதுவேயாதல் வேண்டும்.

யப்பானில் நெகிழ்வட்டைக் காத்தது இயந்திரமன்று, சட்டம். அரசுக்குச் சமர்ப்பிக்கும் ஆவணங்கள் இன்ன ஊடகத்தில் அமைதல்வேண்டும் என விதிகள் வட்டின் பெயரைச் சொல்லியே எழுதப்பட்டிருந்தன. எழுதிய காலத்தில் அது புதுமைக்கு இடமளித்த விதி. காலப்போக்கில் அதுவே தளையாயிற்று. ரோக்கியோவின் மெகுரோ வட்டாரம் போன்ற உள்ளூராட்சி அமைப்புகள், வங்கியானது வட்டுகளைக் கையாளுவதற்கு மாதமொன்றுக்கு 50,000 யென் கட்டணம் கேட்ட பின்னரே அவற்றைக் கைவிட முனைந்தன. 2022இல் இலக்கமுறை அமைச்சராக இருந்த தாரோ கோனோ, நெகிழ்வட்டு, இறுவட்டு முதலியவற்றை வேண்டிநிற்கும் ஏறத்தாழ 1,900 ஏற்பாடுகளைத் திருத்தப்போவதாக அறிவித்தார். 2024 யூன் 28ஆம் திகதியளவில் நெகிழ்வட்டு பற்றிய 1,034 விதிகள் நீக்கப்பட்டன. வாகன மீள்சுழற்சி தொடர்பான ஒன்று மட்டும் அப்போது எஞ்சியிருந்தது.

இவ்விடத்தில் 2022 ஏப்பிரலில் யமகுச்சி மாகாணத்தின் அபு என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததை நினைவுகூரல் தகும். 463 குடும்பங்களுக்குத் தலா ஓர் இலட்சம் யென் வழங்கவேண்டிய ஊராட்சி, மொத்தத் தொகையாகிய 46.3 மில்லியன் யென்னையும் ஒரே ஒருவரின் கணக்குக்கு அனுப்பிவிட்டது. வங்கிக்குப் பெயர்ப்பட்டியல் நெகிழ்வட்டிற் கொடுக்கப்பட்ட செய்தி வெளியானதும் உலகம் நகைத்தது. ஆனால் வட்டிலிருந்த பட்டியல் சரியானதே. அதனோடு தவறாகக் கொடுக்கப்பட்ட காகிதப் படிவமொன்றிலேயே பிழை இருந்தது. பழங்கருவி என்றால் குற்றத்தையும் அதன் தலையில் ஏற்றிவிடுவது மனித இயல்பு போலும்.

எஞ்சியிருக்கும் பயனாளர் பலர் புகழற்றவர்கள். பூவேலைத் தையல் இயந்திரங்கள், உலோகங் கடையும் எண்முறைக் கடைசல் இயந்திரங்கள், 1980களின் இசைக் கருவிகள் ஆகியவற்றை வைத்திருப்போர் அவர்கள். இயந்திரம் இன்னும் நன்றாக உழைக்கின்றது. அதற்கு மாதிரியை ஊட்டும் வாய் ஒன்றே பழையது. இவர்களிடையே வட்டின் இடத்தைப் போலுருக் கருவிகள் பிடித்துக்கொண்டு வருகின்றன. இயக்கியின் அளவிலேயே அமைந்த சிறு பெட்டி, விரலளவுச் சேமிப்பியிலிருந்து தரவை எடுத்து, சுழலும் வட்டொன்றிலிருந்து வருவதுபோல இயந்திரத்துக்குக் கொடுக்கும். 1994 முதல் 1996 வரை சேவையில் இணைந்த ஜேர்மனியின் பிரண்டன்பேர்க் வகைப் போர்க்கப்பல்கள் நான்கிலும் எட்டு அங்குல வட்டுகளுக்கு இதே வைத்தியத்தைச் செய்யும் முயற்சி 2024இல் வெளிவந்தது. வட்டு போய்விடும், வட்டு இருப்பதாக நம்பும் இயந்திரம் இருக்கும்.

ஆகவே பயன் உண்டா என்ற வினாவுக்கு, உண்டு, ஆனால் புதிதாக எவரும் தெரிந்தெடுக்கத்தக்க பயன் ஒன்றுமில்லை என்றே விடைகூறல் வேண்டும். பழைய இயந்திரங்களுக்கு வட்டு வேண்டும். வட்டை உற்பத்தி செய்யும் பெருந்தொழிற்சாலைகளோ இல்லை. சந்தையில் உள்ளவை முன்னரே செய்து தேங்கியவையும் அழித்து மீள விற்பவையுமாம். வட்டின் காந்தப்பூச்சைப் பிணைக்கும் பசை நாளடைவில் தளரும். வெப்பமும் ஈரமும் மிக்க எமது நாட்டில் பூஞ்சணம் அதற்கு முன்னரே படர்ந்துவிடும். பூஞ்சணம் படிந்த வட்டை இயக்கியிலிட்டால், மேற்பரப்பைத் தொட்டே படிக்கும் தலைப்பகுதி அழுக்காகி, அடுத்து இடும் நல்ல வட்டையும் கீறிவிடும்.

இதனால் முதலில் இழக்கப்படுவது பதிந்து வைத்த எழுத்தும் ஓவியமுமேயாகும். பிரின்ஸ் ஒவ் பேர்சியா என்னும் விளையாட்டின் மூலநிரல், அதனை ஆக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தையாரது அலமாரியிலிருந்து 2012இல் வட்டுகளாகக் கிடைத்து மீட்கப்பட்டது. ஓவியர் அன்டி வோர்ஹோல் 1985இல் அமிகா கணனியில் வரைந்தவற்றை, கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணனிக் கழக மாணவர்கள் வட்டின் காந்தச் சுவடுகளை நேரடியாகப் படித்து 2014இல் வெளிக்கொணர்ந்தனர். சுவடு கிடைத்தும் படம் உடனே தெரியவில்லை. வழக்கிலில்லாத கோப்பு வடிவத்தை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழுக்கும் இதே இரட்டைத் தடை உண்டு. 1990களில் எமது நாட்டிற் கணனியில் எழுதப்பட்ட தமிழ்ப் பிரதிகள் பாமினி முதலான எழுத்துருக்களில் அமைந்தவை. பாமினியில் ஆங்கிலச் சிறிய ‘எம்’ எழுத்தின் இடத்தில் தமிழ் ‘அ’ அமர்ந்திருக்கும். ‘கே’ எழுத்தின் இடத்தில் ‘ம’ அமர்ந்திருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அக்கோப்பைத் திறப்பின், ஒழுங்கற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். தமிழென்று அறியாதவர் அதனைப் பழுதான கோப்பெனக் கருதி அழித்துவிடவும் கூடும். பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. இரண்டாம் தடைக்கு அவை போதும். முதற்றடைக்கு வேண்டிய பழுதற்ற இயக்கியும், பூஞ்சணம் படராத வட்டும் ஆண்டுதோறும் அருகி வருகின்றன. சங்கங்களின் அலமாரிகளிலும் மறைந்த ஆசிரியர்களின் மேசை இழுப்பறைகளிலும் உள்ள வட்டுகளில், இதழ்களின் அச்சுப்படிகளும் அச்சேறாத கட்டுரைகளும் இருக்கலாம். அவற்றை வைத்திருப்போர் முதலிற் செய்யவேண்டியது எழுத்துத்தடுப்புத் துளையைத் திறந்துவிடுவதாகும். வட்டைக் கணனியிலிடுவது அதன் பின்னரே.